பன்னீர் டின்னில் ஒரு ஷவர்

போன வார அத்தியாயத்தில் தாஜுதீன் கதவை அறைந்து சாத்திவிட்டுக் கடைக்குப் போனதில் வாசகிகள் பலருக்கு அவர் மேல் கோபம். எழுதியும் கேட்டுவிட்டீர்கள். கொஞ்சம் பொறுங்கள், அவர் கெட்ட மனிதர் இல்லை. பெரிய கடைத்தெருவில் பாட்டனார் காலத்திலிருந்து அத்தரும் பன்னீரும் விற்கிற குடும்பம். வாசனையோ மானமோ, மூடி வைக்காவிட்டால் போய்விடும் என்று நம்பி வளர்ந்தவர்.

மகள் சுராயா ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துச் சாரணியர் படையில், அதாவது கைட்ஸில், அவள் ஓர் அணிக்குத் தலைவி. கயிற்றில் முடிச்சுப் போடுவதில் அவளை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது. ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக்கரைத் தோப்பில் வெள்ளிக்கிழமை கேம்ப் தொடங்குகிறது. கூடாரம் அடிக்க வேண்டும், தாங்களே சமைக்க வேண்டும். எல்லாம் சரி, ஆனால் குளிப்பது கொள்ளிடத்தில்.

"ஊர் பாக்க ஆத்துல இறங்கிக் குளிக்கிற கேம்ப்புக்கு எம் மக போக வேணாம்" என்றார் தாஜுதீன்.

படுதா கட்டிக்கொண்டு வாளித் தண்ணீரில் குளிக்கலாமே என்று மருமகள் ரஷீதா கேட்டுப் பார்த்தாள்.

"வாளித் தண்ணி தீந்து போனா? படுதாவத் திறந்து கைய நீட்டித்தானே அடுத்த வாளிய வாங்கணும்? திறக்காமக் குளிக்க ஒரு வழி இருந்தா சொல்லு, அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் இன்று காலை அவர் கதவைச் சாத்தினார். அப்படி ஒரு வழி இருக்கவே முடியாது என்ற தைரியத்தில் சொன்னது அது. ரஷீதா அதை வாக்காகவே எடுத்துக்கொண்டாள்.

இன்று புதன்கிழமை. கைட்ஸை நடத்துகிற அல்போன்சா டீச்சர் சாயங்காலம் வீட்டுக்கே வந்து பதில் கேட்பதாகச் சொல்லியிருந்தார். இல்லை என்றால் சுராயாவின் இடம் வேறு ஒரு பெண்ணுக்குப் போய்விடும்.

*

எனக்கு ரஷீதாவை ரொம்பப் பிடிக்கும். இத்தனை வாரமாக மறைத்துப் பார்த்தேன், முடியவில்லை. பொன்மலை ரயில்வே காலனியில் வளர்ந்த பெண். அவள் தகப்பனார் ஜெகபர் சாதிக் அங்கே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஒரு சாமான் கெட்டுப்போனால் மற்றவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். இவள் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பாள். நிக்காஹ் முடிந்து இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. புருஷன் பஷீர் அகமது கடைக்குச் சரக்கு எடுக்க பம்பாய் போயிருக்கிறான்.

மாமனார் தெருமுனை தாண்டியதும் ரஷீதா கொல்லைக்கு வந்து வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள்.

"என்ன மச்சி பாக்குறீங்க?" என்றாள் சுராயா. அண்ணன் மனைவியை அவர்கள் வீட்டில் மச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அரையாண்டு லீவு, அவளும் வீட்டில்தான் இருந்தாள்.

"ஜங்ஷன்ல இன்ஜினுக்குத் தண்ணி விடுவாங்களே, பாத்திருக்கியா?"

"ஆமா. உசரத்துல பெரிய குழாய் இருக்கும். திருப்பி விடுவாங்க."

"இன்ஜின் போயி வாளி கேக்குதா? அது பாட்டுக்கு நிக்குது. தண்ணி மேலேருந்து தானா வருது. இனிமே நீதான் இன்ஜின்."

சுராயா சிரித்தாள். சிரித்த கையோடு கண்ணும் கலங்கிவிட்டது. "நடக்குமா மச்சி? அத்தா ஒத்துக்குவாங்களா?"

"ஒத்துக்கிறது அவங்க கவலை. கட்டுறது நம்ம கவலை. அந்த டின்ன எடு."

கொல்லை மூலையில் பன்னீர் டின் ஒன்று வெகுநாளாகக் கிடந்தது. கடையில் பன்னீர் ஊற்றி வைக்கிற சதுர டின். மேலே அகல வாய், அதற்குத் திருகு மூடி. அடியில் பித்தளைக் குழாய். ஒரு பக்கம் ஒடுங்கிவிட்டதால் தாஜுதீன் வீட்டில் கொண்டுவந்து போட்டிருந்தார். ரஷீதா அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். எத்தனை கழுவியும் ரோஜா வாசனை போகவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பிச்சமுத்து ஒரு பழைய டியூபைச் சும்மாவே கொடுத்தார். அதன் ஒரு முனை டின்னின் பித்தளைக் குழாயில் ஏறியது. மறுமுனைக்குத் தண்ணீரைத் தூறலாகப் பிரிக்க ஏதாவது வேண்டும். ரஷீதா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தபோது, அதுவரை அடுக்களை வாசலில் பயந்துகொண்டே நின்றிருந்த மாமியார் சாரா பீவி உள்ளே போனார். வரும்போது கையில் அவருடைய முகப்பவுடர் டப்பா இருந்தது. பவுடரை ஒரு கிண்ணத்தில் கொட்டி, கிண்ணத்தின் மேல் உடனே ஒரு தட்டைக் கவிழ்த்துவிட்டு, காலி டப்பாவை நீட்டினார்.

"இதுல ஓட்டை ஓட்டையா இருக்கும்மா. திருகுனா திறக்கும், திருகுனா மூடும்."

ரஷீதா மாமியாரைக் கட்டிக்கொண்டாள். "மாமி! குழாயும் இதுவே, பூவாளியும் இதுவே!"

டப்பாவின் அடித்தகட்டை வெட்டி எடுத்து, டியூபை அதன் மேல் இழுத்துச் செருகி, நூலால் இறுக்கிக் கட்டினாள். கட்டிய இடத்தில் கசிந்தது. அதற்கும் சாரா பீவிதான் முன்னால் வந்தார். அத்தர் குப்பிக்கு மூடி போட்டு மெழுகு உருக்கி ஒட்டுவது அந்த வீட்டுப் பெண்களின் வேலை. நூலின் மேல் மெழுகை உருக்கி விட்டு விரலால் வழித்ததும் கசிவு நின்றது.

"ஒழுகாம மூடுறதுக்கு இந்த வீட்டுல ஆள் இல்லாமயா போயிரும்?" என்றார். அவர் பெருமையாகப் பேசி ரஷீதா கேட்டது அதுதான் முதல் தடவை.

கிணற்று ராட்டினத்தைக் கழற்றிக் கிளையில் மாட்டினார்கள். கயிறு சுராயாவின் பொறுப்பு. டின் சாயாமல், நழுவாமல், நாலு பக்கமும் பிடிக்கிற மாதிரி அவள் போட்ட முடிச்சை ரஷீதா இழுத்து இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. கீழே நாலு சவுக்குக் கழி நட்டுப் படுதா சுற்றினார்கள். டின் மரத்தில், டியூப் படுதாவுக்குள். தண்ணீர் தீர்ந்தால் வெளியிலிருந்தே கயிற்றைத் தளர்த்தி டின்னை இறக்கி, நிரப்பி, மறுபடி ஏற்றிவிடலாம். உள்ளே இருப்பவள் படுதாவைத் தொடவே வேண்டாம்.

மத்தியானம் ஒரு தடவை விட்டுப் பார்த்தார்கள். டப்பாவைத் திருகியதும் தூறல் கொட்டியது. சுராயா துள்ளிக் குதித்தாள், சாரா பீவி "மாஷா அல்லாஹ்" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். ஒரு வாளிக்கும் குறைவான தண்ணீரில் ஓர் ஆள் தலைமுழுகிவிடலாம் போலிருந்தது. அடுத்த நிரப்பலை ரஷீதா சாயங்காலத்துக்காக வெயிலில் வைத்தாள். மார்கழிக் குளிருக்கு நாத்தனாருக்கு இளஞ்சூட்டில் தண்ணீர் கிடைக்கட்டுமே என்ற எண்ணம். மாமனாரைத் தோற்கடிக்க வேண்டும் என்று மட்டும் நினைத்திருந்தால் இதெல்லாம் தோன்றியிருக்காது.

*

அஸர் தொழுதுவிட்டு தாஜுதீன் வீட்டுக்கு வந்தார். ரஷீதா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "மாமா, கொல்லைக்குக் கொஞ்சம் வரீங்களா?" என்றாள்.

வந்து பார்த்தவர் படுதாவை ஒரு சுற்று வந்தார். இன்னொரு சுற்று வந்தார். கழியை ஆட்டிப் பார்த்தார். பிறகு, "சுராயா, உள்ள போயி நில்லும்மா" என்றார்.

சுராயா உள்ளே போய் நின்றாள். மேற்கு வெயில் நேராக அடித்தது. படுதாவில் அவள் நிழல் அப்படியே விழுந்தது.

"பாத்தியா? கொள்ளிடத்துல காலையில கிழக்கு வெயில் அடிக்குமா அடிக்காதா?"

ரஷீதா வீட்டுக்குள் ஓடினாள். கையில் இரண்டு கனமான ஜமுக்காளத்தோடு வந்தாள். படுதாவிலிருந்து ஒரு சாண் தள்ளி வெளியே இன்னொரு சுற்றுக் கட்டினாள். இப்போது நிழலும் இல்லை, ஒன்றும் இல்லை. தாஜுதீன் குனிந்து பார்த்தார், எட்டிப் பார்த்தார். "ம்" என்றார். கண்டுபிடிக்க இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிற 'ம்' அது.

"தண்ணி வரணும். பாதியில நிக்கக் கூடாது. புள்ள சோப்பும் கையுமா நின்னு கத்தினா நாலு பேரு ஓடி வருவான்."

"வரும் மாமா. சுராயா இப்பக் குளிச்சே காமிப்பா. நீங்க நடையில இருங்க."

கொல்லைக் கதவைச் சாத்தினார்கள். அந்தப் பக்கம் தாஜுதீன், இந்தப் பக்கம் மூன்று பெண்கள். வெயிலில் இருந்த டின்னை ரஷீதாவும் மாமியாருமாக ஏற்றினார்கள். சுராயா மாற்றுத் துணியும் சீயக்காய்க் கிண்ணமுமாக உள்ளே போனாள்.

தூறல் விழுகிற சத்தம் கேட்டது. தொடர்ந்து சுராயாவின் சிரிப்பு. "மச்சி, சுடுதண்ணி! பன்னீர் வாசனை வேற!" பிறகு டப்பாவைத் திருகி நிறுத்திவிட்டுத் தலை நிறையச் சீயக்காய் தேய்த்தாள். மறுபடி திறந்தாள். தண்ணீர் கொஞ்சம் விழுந்தது, இளைத்தது, மேலே மரத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம். அதோடு நின்றே போய்விட்டது.

"மச்சி, தண்ணி வரல!"

ரஷீதா டியூபைத் தடவிப் பார்த்தாள். மடங்கவில்லை. உள்ளே கையை விட்டு டப்பாவை வாங்கித் தட்டினாள், ஊதினாள். ஒன்றும் நடக்கவில்லை. டின் பாதிக்கு மேல் நிறைந்திருக்கிறது என்று கயிற்றின் கனமே சொன்னது. மத்தியானம் கொட்டிய தண்ணீர் இப்போது ஏன் வரவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை. எப்போதும் ஓடுகிற அவள் மூளை அந்த நிமிஷம் ஓடவில்லை.

"கண்ணு எரியுது மச்சி! தாங்க முடியல!"

கதவுக்கு அந்தப் பக்கம் தாஜுதீனுக்கு எல்லாம் கேட்டது. அந்த 'டொக்' சத்தம் என்னவென்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். இந்த இடத்தில் அவர் சும்மா நின்றிருந்தால் போதும். தண்ணீர் பாதியில் நின்றுவிட்டது, பேச்சு முடிந்தது, டீச்சரிடம் இல்லை என்று சொல்லிவிடலாம். யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் மனதில் அது தோன்றாமலும் இல்லை, ஒரு கணம் நன்றாகவே தோன்றியது.

"அத்தா! கண்ணு எரியுது அத்தா!" என்று சுராயா அழுதாள்.

"மூடியத் தளர்த்துங்க!" தாஜுதீன் கதவைத் தட்டிக்கொண்டே கத்தினார். "டின்ன இறக்கி, மூடிய ஒரு சுத்து தளர்த்துங்க! உள்ள காத்துப் போகணும்!"

டின்னை இறக்கினார்கள். அதன் பக்கங்கள் உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தன. திருகு மூடி இறுகிப் போயிருந்தது. ரஷீதா முந்தானையைச் சுற்றிப் பிடித்துத் திருகியதும் உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. ஏற்றினார்கள். தூறல் மறுபடியும் கொட்டியது, கடைசிச் சொட்டு வரைக்கும்.

வெயிலில் திறந்து கிடந்த டின்னைப் பார்த்துப் பொறுக்காமல் மூடியைப் போட்டுப் பலமாகத் திருகியவர் சாரா பீவி. அந்த வீட்டில் உப்பு ஜாடி முதல் ஊசி டப்பா வரை எதுவும் திறந்து கிடக்காது. மூடுவதற்கு மட்டும்தான் வீட்டுப் பெண்களைப் பழக்கியிருந்தார்கள். குழாயைத் திறக்கும் முன் மூடியைத் தளர்த்துகிற பழக்கம் கடையோடு, ஆண்களோடு இருந்துவிட்டது.

தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்த சுராயா சிவந்த கண்களோடு அம்மாவைப் பார்த்தாள். "வேணும்னே மூடுனீங்களாம்மா? நான் போகக் கூடாதுன்னா?"

சாரா பீவி கீழே கிடந்த சீயக்காய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பெற்ற பெண் கேட்கக்கூடாத கேள்வி அது. கேட்ட பிறகு சுராயாவுக்கே அது தெரிந்தது. பின்னாலேயே ஓடிப்போய் அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

ரஷீதா கொல்லைக் கதவைத் திறந்தாள். "மாமா, நீங்க சொல்லலைன்னா நாங்க இன்னும் டியூபத்தான் ஊதிக்கிட்டு இருப்போம்."

"தெனம் கேக்குற சத்தம்மா அது" என்றார் தாஜுதீன், எங்கோ பார்த்துக்கொண்டு. பிறகு மருமகளைப் பார்த்தார். "நல்லாத்தான் பண்ணியிருக்க. சொன்னேன்ல, அனுப்புறேன்னு. போகட்டும்."

மகள் அழுததும் ஜெயிக்க இருந்த ஆட்டத்தைத் தானே விட்டுக்கொடுத்து, சொன்ன சொல்லையும் காப்பாற்றினாரே, இந்த மனிதர் மேல்தான் போன வாரம் உங்களுக்கு அவ்வளவு கோபம்.

*

அல்போன்சா டீச்சர் வந்தபோது கொல்லைத் தரை இன்னும் காயவில்லை. டீச்சர் டின்னைப் பார்த்தார், ராட்டினத்தைப் பார்த்தார், பவுடர் டப்பாவைத் திருகிப் பார்த்தார்.

"யாரு செஞ்சது இது?"

"மச்சி!" என்றாள் சுராயா.

"முடிச்செல்லாம் அவ போட்டது டீச்சர். மெழுகு மாமி வெச்சாங்க. தண்ணி நின்னப்ப மாமாதான் சொன்னாங்க" என்றாள் ரஷீதா அவசரமாக.

டீச்சர் சிரித்தார். பிறகு தாஜுதீனிடம் திரும்பினார். "பாய், போன வருஷக் கேம்ப்புல ரெண்டு புள்ளைங்க காய்ச்சல்னு சொல்லிட்டுக் கடைசி வரைக்கும் குளிக்கவே இல்ல. காய்ச்சல் இல்லைன்னு எனக்குத் தெரியும். வெக்கம். என்ன பண்றதுன்னு தெரியாம விட்டுட்டேன். இது இருந்திருந்தா அதுங்க சந்தோஷமா இருந்துட்டு வந்திருக்கும். உங்க மருமகளும் கேம்ப்புக்கு வரட்டும். இதக் கட்டவும் பாத்துக்கவும் எனக்கு ஒரு பெரிய ஆள் வேணும்."

ரஷீதாவின் முகம் மலர்ந்தது. மலர்ந்ததை மறைக்க முக்காட்டை இழுத்துக்கொண்டாள்.

"மக வருவா டீச்சரம்மா. அதுல மாத்தம் இல்ல" என்றார் தாஜுதீன். "மருமக விஷயம் வேற. பஷீர் வர சனிக்கிழமை ஆகும். புருஷன் ஊர்ல இல்லாதப்ப, அவனக் கேக்காம நான் எப்படி அனுப்புறது?"

நியாயம்தான் என்பது போல் டீச்சரும் தலையாட்டினார்.

"அப்ப நானும் போகல, அத்தா" என்றாள் சுராயா.

ரஷீதா திடுக்கிட்டுத் திரும்பினாள். "உனக்கு என்ன பைத்தியமா? யாருக்காக இவ்வளவு பாடு பட்டது?"

"உங்களுக்குப் போகணும்னு ஆசை இல்லைன்னு சொல்லுங்க மச்சி. நான் போறேன்."

ரஷீதா வாயைத் திறந்தாள். எதற்கும் பதில் வைத்திருக்கிற பெண், 'இல்லை' என்ற ஒரு சொல்லைச் சொல்ல முடியாமல் நின்றாள். கண்ணில் நீர் நிறைந்துவிட்டது.

"டீச்சரம்மா" என்று ஒரு குரல் கேட்டது. சாரா பீவி. "வெள்ளிக்கிழமை காலையில எங்க வந்து நிக்கணும்? ரெண்டு பேரும் வருவாங்க. பஷீர் கேட்டா, உம் பொண்டாட்டிய நான்தான் அனுப்புனேன்னு அவன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

தாஜுதீன் மனைவியையே பார்த்தார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் பேசி முடித்த பிறகு அவள் பேசியதே கிடையாது. சாரா பீவி கண்ணைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.

மஃரிப் பாங்கு கேட்டது. தாஜுதீன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். செருப்பை மாட்டினார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"அந்தக் கயிறு நைஞ்சு போயிருக்கு. கொள்ளிடத்துக் காத்துக்குத் தாங்காது. புதுசு வாங்கிட்டு வரேன்."

அதே நேரத்தில் பம்பாய் வண்டி குண்டக்கல்லைத் தாண்டிக்கொண்டிருந்தது. சரக்கு எடுக்கிற வேலை எதிர்பார்த்ததற்கு முன்பே முடிந்துவிட்ட சந்தோஷத்தில், ஜன்னலோரம் பஷீர் அகமது உட்கார்ந்திருந்தான். வீட்டுக்குச் சொல்லாமல் போய் நிற்க வேண்டும் என்று ஆசை. மெட்ராஸில் வண்டி மாறி, வெள்ளிக்கிழமை காலை திருச்சி ஜங்ஷனில் இறங்கி, குதிரை வண்டி பிடித்து வீட்டுக்கு வந்ததும் அவன் முதலில் கூப்பிடப் போகிற பெயர் ரஷீதா.